ஒட்டு வண்டி

பதினோரு ஆண்டுகள் ஓட்டிய ஜெர்மானிய டீசல் காரைக் கொடுத்துவிட்டு, பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து இயக்கும் பெரிய செடான் ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கினோம். இரண்டுமே பிறர் ஓட்டிக் கைமாற்றியவை. ஆசிரியச் சம்பளத்தில் இவ்விரண்டில் எதையும் புது வண்டியாக நினைத்தும் பார்த்திருக்க முடியாது. இலக்கியம் பேசும் இடத்தில் காருக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். விஷயம் ஒரு சொல்லில் தொடங்கிற்று என்பதுதான் எங்களுக்குள்ள துணிவு.

'ஹைபிரிட்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'கலப்பினம்' என்றால் மாட்டுப்பண்ணை நினைவுக்கு வருகிறது. 'கலப்பியக்க மகிழுந்து' என்று எழுதலாம். எழுதலாமே தவிர, வீட்டு வாசலில் நின்றுகொண்டு யாரிடமும் சொல்ல முடியாது. இந்தத் தடுமாற்றத்தைக் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர், எங்களில் ஒருவருக்கு அப்பா, மற்றவருக்கு மாமா, "அப்ப ஒட்டு வண்டின்னு சொல்லுங்க" என்றார். வீரிய ஒட்டுக் கத்தரியும் வெண்டையும் பயிரிட்டவர் அவர். விதைப் பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருந்த சொல்லை அப்படியே எடுத்துக் காருக்கு வைத்துவிட்டார். கலைச்சொல்லாக்கம் பற்றி வகுப்பில் ஒரு பருவம் முழுக்கப் பேசுகிற எங்களுக்கு அதன்பிறகு வேறு சொல் தேவைப்படவில்லை.

டீசல் கார் வாங்கியது 2014-இல். ஜெர்மானியப் பொறியியலின்மேல் கொண்ட மதிப்பு ஒரு காரணம் என்றால், பெட்ரோல் நிலையத்து விலைப்பலகை இன்னொரு காரணம். பெட்ரோலின் விலைக் கட்டுப்பாட்டை மத்திய அரசு 2010 ஜூனில் நீக்கியது, டீசலுக்கு நீக்கவில்லை. 2012 மே மாத இறுதியில் டெல்லியில் ஒரு லிட்டர் பெட்ரோல் 73 ரூபாயைத் தாண்டியபோது, டீசல் 41 ரூபாய்க்குள் இருந்தது. உழவரின் இறைவை இயந்திரத்துக்கும் லாரிக்கும் பேருந்துக்கும் என்று வைத்த சலுகை, தோல் இருக்கை போட்ட கார்களின் வயிற்றிலும் இறங்கிற்று. டீசல் கார்களுக்குக் கூடுதலாக 80,000 ரூபாய் தீர்வை விதிக்கலாம் என்று கிரித் பாரிக் குழு 2010-இலேயே சொல்லியிருந்தது, அது நடக்கவில்லை. 2014 அக்டோபரில் டீசலுக்கும் கட்டுப்பாடு நீங்கியது. இடைவெளி சுருங்கிச் சுருங்கி, 2025-இல் சென்னையில் லிட்டருக்கு ஏறத்தாழ 8 ரூபாய் என்றாயிற்று.

விலை ஒருபுறம் இருக்க, அந்த வண்டியை நாங்கள் விரும்பினோம் என்பதையும் சொல்லவேண்டும். ருடால்ஃப் டீசல் 1893-இல் காப்புரிமை பெற்ற இயந்திரத்துக்குத் தீப்பொறி கிடையாது. காற்றை மட்டும் உள்ளிழுத்து ஏறத்தாழ 16 மடங்கு அழுத்தினால் அது தானே கொதிக்கும். அந்த வெப்பத்தில் எரிபொருளைப் பீச்சினால் பற்றிக்கொள்ளும். திடீரென்று பற்றுவதால்தான் அந்தக் 'கடகட' ஓசை. எத்தனை ஆயிரம் மாற்றங்கள் செய்து, எத்தனை பஞ்சு வைத்து அடைத்தாலும், டீசல் தன் குரலை முற்றிலும் விடுவதில்லை. ஆனால் திண்டிவனம் தாண்டி விழுப்புரம் நோக்கிப் போகையில், மேலேறும் பாலத்தில் காலை லேசாக அழுத்தினால் முதுகைத் தள்ளுமே ஒரு விசை, அதை அறிந்தவர் எளிதில் மறக்கமாட்டார்.

எங்கள் அன்றாடம் அந்தச் சாலையில் இல்லை என்பதுதான் சிக்கல். படப்பை வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் இருக்கிறது. பக்கத்தில்தான் மணிமங்கலம், ஏழாம் நூற்றாண்டில் நரசிம்மவர்மப் பல்லவன் சாளுக்கியப் புலிகேசியை வென்ற போர்க்களங்களில் ஒன்றாகக் கூரம் செப்பேடு குறிப்பிடும் ஊர். இன்றைய போர் சாலையில் நடக்கிறது. மேற்கே ஒரகடத்தில் 2010-இல் ரெனோ–நிசான் ஆலை வந்தது. 2012-இல் டெய்ம்லர் நிறுவனத்தின் லாரி ஆலை. 2013-இல் ராயல் என்ஃபீல்டு. இந்த ஆலைகளுக்கு வேண்டிய உதிரிப்பாகங்களும், இவை பெற்றெடுத்த வண்டிகளும், இவற்றில் உழைப்பவர்களின் பேருந்துகளும் எங்கள் வாசல் வழியாகவே போகின்றன, வருகின்றன. மண்ணிவாக்கத்தில் திரும்பி முடிச்சூர் சாலை பிடித்து மேற்குத் தாம்பரம் போய்ச் சேர்வதற்குள் எத்தனை முறை நிற்கிறோம் என்று ஒருநாள் எண்ணத் தொடங்கி, நாற்பதுக்குமேல் விட்டுவிட்டோம். நெடுவழிக்குப் பிறந்த இயந்திரத்தை நின்று நின்று ஊர்ந்தே பழக்கினோம். லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் கொடுத்த வண்டி, இந்த வழியில் பதினொன்றுக்கு இறங்கியது. அதன் கடைசி இரண்டு ஆண்டுகளில் பணிமனைக்குக் கொடுத்த பணத்தைச் சொன்னால் பெரியவர் வருந்துவார் என்பதால் சொல்லவில்லை.

பணத்தைவிடப் புகையே எங்களை உறுத்தியது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012 ஜூனில் வகைப்படுத்தியது. 2015 செப்டம்பரில், சோதனைக் கூடத்தில் மட்டும் புகையை அடக்கிக்கொள்ளும் மென்பொருளை ஃபோக்ஸ்வாகன் தன் டீசல் கார்களில் வைத்திருந்தது அமெரிக்காவில் வெளிப்பட்டது. உலகெங்கும் 1 கோடியே 10 லட்சம் வண்டிகள் அதில் அடக்கம். இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தபோது, டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு வெளியிடக்கூடிய நைட்ரஜன் ஆக்சைடுகள் 250 மில்லிகிராமிலிருந்து 80 ஆகக் குறைக்கப்பட்டன. எங்களது அதற்கு முந்திய வண்டி. அது காலையில் உறுமி எழும் இடத்துக்கும் பெரியவர் நாற்காலி போட்டு அமரும் திண்ணைக்கும் பத்தடி தூரம்தான்.

புதியதைப் பார்க்கப் போனபோது ஒரு வேடிக்கை தெரிந்தது. ஜெர்மானியத்தை விட்டு ஜப்பானியத்துக்குப் போகிறோம் என்று நினைத்தோம். ஆனால் பெட்ரோல் இயந்திரத்தால் மின்சாரம் உண்டாக்கி, அந்த மின்சாரத்தால் சக்கரத்தைச் சுழற்றும் காரை 1900-இலேயே வியன்னாவின் லோனர் நிறுவனத்தில் செய்து பார்த்தவர் ஃபெர்டினாண்ட் போர்ஷே. அது விலை மிகுந்து, எடை மிகுந்து, நிலைக்காமற் போயிற்று. 1997 டிசம்பரில் டொயோட்டா 'பிரியஸ்' காரை ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகே ஒட்டு வண்டி பெருந்தொகையாக ஓடத் தொடங்கியது. 2013 முதல் பெங்களூருக்கு அருகே பிடதியில் கேம்ரி ஹைபிரிட் உருவாகிறது. எங்களது அந்த இனத்தைச் சேர்ந்தது. இவ்வகைப் பெரிய கார்களுக்கு 2017 ஜூலையில் ஜிஎஸ்டியும் கூடுதல் வரியும் சேர்ந்து 43 விழுக்காடு என்றாயிற்று; 2025 செப்டம்பரில் அது 40 ஆயிற்று. முழு மின்கார்களுக்கு 5 விழுக்காடுதான். எனவே புதிதாக வாங்குவோர் குறைவு. பழையது தேடிய எங்களுக்கும் அலைச்சல் மிகுதி.

இதன் உள்ளமைப்பு அழகானது. நடுவே சூரியன்போல் ஒரு பற்சக்கரம், அதைச் சுற்றிக் கோள்கள்போல் சில, அவற்றைச் சூழ ஒரு வளையம். கோள்களைத் தாங்கும் சட்டத்தில் பெட்ரோல் இயந்திரம். சூரியனில் ஒரு மோட்டார். வளையத்தின் பக்கம் இன்னொரு மோட்டாரும் சக்கரங்களும். யார் எவ்வளவு இழுப்பது என்பதை இவை ஓயாமல் தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. கியர் மாற்றும் வேலையே இல்லை. பிரேக்கை மிதித்தால் மோட்டார் தலைகீழாக வேலை செய்து, ஓட்டத்தை மின்சாரமாக்கிப் பேட்டரியில் சேர்க்கிறது. சுவரில் செருகி மின்னேற்றத் தேவையில்லை. இந்த மின்சாரமும் ஒருகாலத்தில் பெட்ரோலாக இருந்ததுதான் என்பதை மறந்துவிடக்கூடாது. பிரேக்கின் சூட்டில் வீணாய்ப் போயிருக்க வேண்டியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது, அவ்வளவே. ஆனால் முடிச்சூர் சாலையில் நாற்பது முறை நிற்பவர்களுக்கு அந்த 'அவ்வளவே' சிறிதன்று. லிட்டருக்குப் பத்தொன்பது கிலோமீட்டர் கிடைக்கிறது. நெரிசலில் நிற்கும்போது இயந்திரம் அணைந்துவிடுகிறது. திண்ணைப் பக்கம் புகை இல்லை. சத்தமும் இல்லை.

இந்தக் கடைசிச் சொல்லைப் பற்றித்தான் எழுத வந்தோம்.

பெரியவருக்குக் கண்நீர் அழுத்த நோய். வெளிச்சம் தெரியும், உருவங்கள் நிழலாகத் தெரியும். மற்றதெல்லாம் காதால்தான். அவர் வாழ்க்கையே இயந்திரங்களைக் காதால் அறிந்த வாழ்க்கை. ஏரிப் பாசனத்துக்கு எட்டாத அவர் நிலத்துக்கு முதலில் ஏற்றம்; பிறகு ஆயில் இன்ஜின். வீட்டில் உண்டுகொண்டிருக்கையிலேயே, அரை மைல் தள்ளி ஓடும் இன்ஜின் தண்ணீர் இழுக்கிறதா, வெறுமனே சுற்றுகிறதா என்று ஓசையின் கனத்தைக் கொண்டு சொல்லிவிடுவாராம். பின்னால் மின் மோட்டார் வந்தது. 1990-இல் உழவர்களுக்கு மின்சாரம் இலவசமும் ஆயிற்று. "மோட்டாரு நல்லதுதான். ஆனா அது வீட்டுக்குச் சேதி சொல்லாது. எழுந்து போய்த்தான் பார்க்கணும்" என்பார். இராமுழுக்க டார்ச்சு விளக்கோடு அவர் வரப்பில் நடந்தது அந்தச் சேதிக்காகத்தான்.

எங்கள் டீசல் வண்டி அவருக்குச் சேதி சொல்லிக்கொண்டிருந்தது. தெருமுனையில் திரும்பும்போதே, "வந்துட்டாங்க" என்று திண்ணையிலிருந்து எழுந்துவிடுவார். கதவுத் தாழை நீக்கி, ஓரமாக நின்று, வண்டி உள்ளே போனபின் சாத்துவது அவருடைய வேலை. அந்த வேலையை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டது. பார்வை குறையக் குறைய அவரிடமிருந்து ஒவ்வொரு வேலையாகக் கழன்றுபோன பிறகும் இது ஒன்று மிஞ்சியிருந்தது.

ஒட்டு வண்டி வந்த இரண்டாவது வாரம், ஓர் அந்தி. கதவு திறந்தே இருந்தது. வாசலோரத்து முருங்கைக்கீழ் குனிந்து கீரை உருவிக்கொண்டிருந்தார். வண்டி மின்சாரத்தில் ஊர்ந்து உள்ளே நுழைந்தது. அவரைப் பார்த்ததும் நின்றோம். அவர் நிமிர்ந்து திரும்பியபோது முன்பக்கம் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஓசை ஏதும் அவரைத் திருப்பவில்லை. தற்செயலாகத் திரும்பியவர் எதிரே ஒரு பெரிய நிழல் நிற்பதைக் கண்டு, கையை நீட்டி வண்டியின் நெற்றியைத் தடவினார். "ஓடுதா, நின்னுடுச்சா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு உண்மையில் விடை சொல்லக் கடினமாக இருந்தது. ஓடிக்கொண்டிருந்தது, நின்றும் இருந்தது. அன்றிரவு சாப்பிடும்போது, "இனிமே நீங்களே கதவைத் திறந்துக்குங்கம்மா" என்றார் மருமகளிடம். குறையாகச் சொல்லவில்லை, அதனாலேயே எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு தேடிப் படித்ததில், இது எங்கள் வாசலில் மட்டும் எழுந்த கேள்வி அல்ல என்று தெரிந்தது. பார்வையற்றோர் அமைப்புகள் பல நாடுகளில் இதை முன்னரே எழுப்பியிருக்கின்றன. ஜப்பான் 2010-இல் நெறிமுறை வகுத்தது. ஐக்கிய நாடுகளின் வாகன விதிகளில் 138-ஆம் விதி 2016-இல் வந்தது: ஓசையற்ற வண்டிகள் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம்வரை தாமாக ஓர் ஒலி எழுப்பவேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2019 ஜூலையிலிருந்து புதிய வகை மின்கார்களுக்கும் ஒட்டுக் கார்களுக்கும் இதைக் கட்டாயமாக்கியது. மின்வாகனங்களுக்கு இத்தகைய ஒலியைக் கட்டாயமாக்கும் வரைவு ஒன்றை இந்தியாவில் போக்குவரத்து அமைச்சகம் 2025 செப்டம்பரில் வெளியிட்டது. எங்கள் வண்டியிலும் ஒரு மெல்லிய முனகல் உண்டு. ஒரகடத்து லாரிகளின் பேரிரைச்சலுக்கு நடுவில் அதைக் கேட்க எண்பது வயதுக் காது போதாது.

ஓசை என்றால் மாசு என்றே எண்ணப் பழகியிருக்கிறோம். பெருமளவு அது சரியும்கூட. ஆனால் டீசலின் அந்தக் கரகரப்பில், புறத்தே நிற்பவருக்கு ஒரு செய்தியும் இருந்தது. ஓசையற்ற வண்டி அமைதியை உள்ளே இருப்பவருக்குக் கொடுத்து, கவனத்தை வெளியே இருப்பவரிடம் கேட்கிறது. நடந்து போகிறவர், கண் மங்கியவர், தலையில் சுமையோடு குறுக்கே கடப்பவர், இவர்கள் காதால் செய்துவந்த காவலை இனி யாராவது செய்தாகவேண்டும். ஓட்டுகிறவர் செய்வதே முறை. பெரியவர் வரப்பில் நடந்ததும் அதுதானே: சேதி சொல்லாத இயந்திரம் வைத்திருப்பவர் தாமே எழுந்து போய்ப் பார்க்கவேண்டும்.

ஹாரன் அடிக்கலாமே என்றார் நண்பர் ஒருவர். வீட்டுக்கு வருகிறவர்கள் வீட்டுப் பெரியவரை ஹாரன் அடித்துக் கூப்பிடுவது எங்களுக்கு ஒப்பவில்லை. இப்போது தெருமுனையில் திரும்பியதும் கண்ணாடியை இறக்கிவிடுகிறோம். கதவுக்கு இருபதடி முன்னால் நிறுத்தி, "அப்பா" என்றோ "மாமா" என்றோ கூப்பிடுகிறோம். தாழ் நீங்கும் ஓசை கேட்ட பிறகே வண்டி நகர்கிறது. குளிர்சாதனக் குளுமை வீணாகிறது என்பது உண்மை. இந்த வண்டி சேமித்துத் தரும் பெட்ரோலில் அந்தக் கணக்கை நேர்செய்துகொள்ளலாம்.