வேளாவைக் கண்டவர்கள் இருக்கிறீர்களா?



போன கிழமை தரம் 7 பிள்ளைகளிடம், வீட்டில் இருக்கும் கடல் சாமான் ஏதாவது கொண்டு வரச் சொல்லியிருந்தோம். சங்கு, சிப்பி, நண்டு ஓடு எல்லாம் வந்தன. ஒரு மகன் மட்டும் இரண்டு பக்கமும் பல் வைத்த நீளமான ஒன்றைச் சாக்கில் சுற்றிக் கொண்டு வந்தார். "மூத்தாப்பா மரம் அரியிற வாள் சேர்" என்றார்.

அது வேளா மீனின் வாள். கல்பிட்டியில் பிறந்த பிள்ளைகள் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

பார்க்கச் சுறா மாதிரி இருந்தாலும் வேளா திருக்கை வகை. செவுள் பிளவுகள் வயிற்றுப் பக்கம் இருக்கும். பிரிஸ்டிஸ் என்ற பேரினத்தில் நான்கு இனங்கள். சில 6 மீற்றருக்கும் மேல் வளரும். ஆழம் குறைந்த சேற்றிலும் மணலிலும் அடியோடு கிடக்கும். களப்பும் கண்ணாக் காட்டோரமும் குட்டிகள் வளரும் இடம். இரையின் உடம்பில் உண்டாகும் மெல்லிய மின்சாரத்தை அந்த வாள் உணரும். அதனால் கலங்கிய தண்ணீரிலும் இரை தப்பாது. வேளா குட்டி போடும் மீன். தாய்க்குக் காயம் வராமல், பிறக்கும்போது குட்டியின் வாளுக்கு மேல் உறை இருக்கும். சுப்ஹானல்லாஹ்!

அந்த வாளே அதற்கு ஆபத்தாகவும் போனது. நைலோன் வலையில் ஒரு பல் மாட்டினால் பிறகு தப்ப முடியாது. செட்டைக்கும் வாளுக்கும் விலை இருந்தது. கண்ணாக் காடுகள் இறால் பண்ணைகளாயின. 2013 முதல் எல்லா வேளா இனங்களும் சர்வதேச வர்த்தகத் தடைப் பட்டியலில் இருக்கின்றன. இலங்கை மீனவர்களிடம் விசாரித்து 2021இல் வெளியான ஆய்வும், வேளாவை அறிந்தவர்கள் பெரும்பாலும் வயதானவர்களே என்கிறது.

அந்த மூத்தாப்பாவைப் போய்ச் சந்தித்தோம். "வேளா பட்டா அண்டைக்கு வலை முடிஞ்சுது மகன்" என்று சிரித்தார். கடைசியாக எப்போது கண்டீர்கள் என்று கேட்டோம். கொஞ்ச நேரம் யோசித்தார். "அதுதான் கடைசி எண்டு தெரிஞ்சிருந்தா நினைவு வச்சிருப்பன்" என்றார்.

இந்த ஜும்ஆவுக்குப் பிறகு உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். எங்கே கண்டார்கள், எந்த வலையில், எவ்வளவு பெரியது? கீழே எழுதுங்கள், பிள்ளைகளுடன் சேர்ந்து ஒரு கொப்பியில் பதிந்து வைப்போம். என்றாவது ஒரு வேளா வலையில் பட்டால், வாளை வெட்டாதீர்கள். வலையை அறுத்து விட்டுவிடுங்கள்.