விளையாட்டு திறக்காதபோது



வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லையென்றால் நாம் என்ன செய்கிறோம்? மின்சாரம் வருகிறதா, ஃபியூஸ் போய்விட்டதா, கிணற்றில் நீர் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். ஆனால் கணிப்பொறியில் பிள்ளைகளின் விளையாட்டு ஒன்று திறக்க மறுத்தால் மட்டும் அந்த நிதானம் நம்மை விட்டு அகன்றுவிடுகிறது. பத்து முறை தட்டுகிறோம், அணைத்துப் போடுகிறோம், யாரோ கொடுத்த கோப்பை ஏற்றுகிறோம். இதனைச் சிறு செய்தியென்று தள்ளிவிடாதீர்கள். வீட்டின் அமானிதம் இதில் அடங்கியிருக்கிறது.

2022ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் நடந்த ஒன்றைக் கூறுகிறேன். என் சகோதரியின் கணவர் தம்மாமில் பணிபுரிகிறார். அவர் இளமையில் விளையாடிய ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ என்னும் விளையாட்டின் குறுந்தகடு வீட்டுப் பெட்டியொன்றில் கிடந்தது. 1997இல் வெளிவந்த விளையாட்டு அது. கற்கால மனிதரைக் கொண்டு மரம் வெட்டி, வேட்டையாடி, ஊர் அமைத்து, இரும்புக் காலம் வரை ஒரு நாகரிகத்தை வளர்த்தெடுக்க வேண்டும். எகிப்தியர், சுமேரியர், பாபிலோனியர் எனப் பன்னிரண்டு நாகரிகங்கள் அதில் உண்டு. வரலாறு படித்துப் பட்டம் பெற்ற எனக்கு அதனைக் காண ஆவல் எழுந்ததில் வியப்பில்லை. பதின்மூன்று வயது மருமகனின் ஆவலோ வேறு. வெள்ளிதோறும் அழைக்கும் அத்தாவிடம் “சாப்பிட்டாயா, படித்தாயா” என்ற இரு கேள்விகளுக்கு விடை சொன்ன பின் அவனுக்குப் பேச ஒன்றும் இருப்பதில்லை. அத்தாவோடு பேச ஒரு பொருள் வேண்டும் என்பதே அவன் ஏக்கம்.

விளையாட்டு கணிப்பொறியில் ஏறியது, ஆனால் திறக்கவில்லை. “மாமா, வைரஸ் காவலை அணைத்துவிட்டு இந்தக் கோப்பைப் போட்டால் ஓடுமாம், கூட்டாளி தந்தான்” என்றான் அவன்.

நான் தடுத்தேன். குடும்பத்தின் புகைப்படங்களும், மர்ஹூமாவான என் தாயாரின் குரல் பதிவுகளும் அந்தக் கணிப்பொறியில்தான் இருந்தன. சகோதரி வங்கிக் கணக்கைப் பார்ப்பதும் அதில்தான். எழுதியவர் யாரென்று அறியாத கோப்பினைக் காவலை நீக்கி இயக்குவது, முகமறியாதவனிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு உறங்கப் போவதற்கு ஒப்பாகும். இதனை எடுத்துரைத்தபோது அவன் புரிந்துகொண்டான்.

“இனி மெதுவாகத் திற. திரையில் வருவதை வாய்விட்டுப் படி” என்றேன். படித்தான். ‘டைரக்ட்பிளே’ என்னும் உறுப்பு தேவை என்று விண்டோஸ் 10 தெளிவாகவே கூறியிருந்தது. அச்செய்தியை ஒவ்வொரு முறையும் படிக்காமலே மூடியிருக்கிறான் பிள்ளை! அக்காலத்து விளையாட்டுகள் பலர் கூடி ஆடுவதற்குப் பயன்படுத்திய உறுப்பு அது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் அது தானாக நிறுவப்படுவதில்லை. கண்ட்ரோல் பேனலில் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலைத் திறந்து, ‘லெகஸி காம்போனன்ட்ஸ்’ என்பதன் கீழ் அதனைத் தேர்வு செய்தோம். விளையாட்டு திறந்தது.

ஆயினும் நிறங்கள் தாறுமாறாக இருந்தன. 256 நிறங்கள் மட்டுமே கொண்டு வரையப்பட்ட விளையாட்டு அது. இன்றைய திரைகளோ பல இலட்சம் நிறங்களைக் காட்டுபவை. விளையாட்டுக் கோப்பின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பகுதியில் ‘கம்பாட்டிபிலிட்டி’ என்பதைத் திறந்து, நிறங்களை 256ஆகக் குறைக்கும் தேர்வினைக் குறித்தோம். நிறங்கள் சீராயின. அந்த வெள்ளிக்கிழமை தந்தையும் மகனும் முக்கால் மணி நேரம் பேசினார்கள். பக்கத்து அறையிலிருந்த சகோதரி கண்களைத் துடைத்துக்கொண்டதை நான் கண்டேன்.

எல்லாத் தகடுகளும் இவ்வாறு வழிக்கு வந்துவிடா. 16 பிட் காலத்து மென்பொருள்கள் 64 பிட் விண்டோஸில் இயங்கா. டாஸ் காலத்து விளையாட்டுகளுக்கு 2002இல் வெளியான ‘டாஸ்பாக்ஸ்’ என்னும் இலவச மென்பொருள் துணைபுரியும். ‘சேஃப்டிஸ்க்’ என்னும் பூட்டுடன் விற்கப்பட்ட தகடுகளை 2015இல் வந்த விண்டோஸ் 10 ஏற்பதில்லை. பூட்டுக்குத் துணையான நிரலில் பாதுகாப்புக் குறை இருந்ததே காரணம். அத்தகைய இடத்தில் பூட்டை உடைக்கும் கோப்பைத் தேடி அலைய வேண்டாம். உரிமையாளரே புதுப்பித்து வெளியிட்டிருக்கிறாரா என்று பாருங்கள். நான் கூறிய விளையாட்டுக்கே 2018இல் அவ்வாறு ஒரு பதிப்பு வந்தது.

பெற்றோர்களே! பிள்ளைகளுக்கு நான்கு பழக்கங்களைக் கற்றுக்கொடுங்கள். திரையில் வரும் செய்தியை முழுமையாகப் படிக்கட்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, அதனைத் தாளில் குறிக்கட்டும். கைவைக்கும் முன் முக்கியமான கோப்புகளை வேறோரிடத்தில் படியெடுக்கட்டும். காவலை அணைக்கச் சொல்லும் எந்தக் கோப்பையும் உங்களிடம் காட்டாமல் தொடாதிருக்கட்டும். அவ்வாறு அவர்கள் காட்ட வரும்போது அதட்டி விரட்டாமல் அருகே அமருங்கள். அதட்டினால் அடுத்த முறை உங்களிடம் காட்ட மாட்டார்கள். கோப்பைத் தாமே திறந்துவிடுவார்கள்.