நீளம் பார்த்தவன்

என் மகளின் எலும்பு அவள் வயதுக்கு மெலிந்திருக்கிறது. அதில் பெரும்பங்கு என்னுடையது.

ஆரணியில் குழித்தறியில் பட்டு நெய்கிறவன் நான். பள்ளிக்கூட வரிசையில் அவள் எப்போதும் முதல் ஆளாக நின்றாள். எங்கள் குடும்பமே குட்டைதான் என்று விட்டுவிட்டேன். வேலூரில் காட்டியபோதுதான், மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹார்மோனைப் போதிய அளவு சுரக்கவில்லை என்று தெரிந்தது. தினமும் இரவில் ஊசி. மருந்தை ஃப்ரிட்ஜில் தோசைமாவுக்குப் பின்னால் மறைத்து வைத்தோம். பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது.

வளர்ந்தாள். வருடத்துக்கு 2 செ.மீ.கூட ஏறாத நிலை வந்ததும் டாக்டர் ஊசியை நிறுத்தினார். "இத்தோட முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. ஒண்ணு ரெண்டு மாசத்துல கூட்டிட்டு வாங்க, மறுபடி டெஸ்ட் எடுக்கணும். சில பிள்ளைங்களுக்கு அப்போ சரியா சுரக்கும். இல்லேன்னா குறைஞ்ச அளவுல ஊசி தொடரணும். உயரம் நின்னாலும் 25 வயசு வரைக்கும் எலும்பு கெட்டிப்படும்."

நான் கூட்டிப்போகவில்லை. காசில்லை என்றால் எல்லோரும் நம்புவார்கள். நெசவுக் கூலி ஊரறிந்தது. ஆனால் கடன் வாங்கியாவது போயிருப்பேன். வரன் பார்க்கத் தொடங்கியிருந்தோம். ஆஸ்பத்திரியில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் என்ற பயம்தான்.

போன மாதம் வாசல் தெளித்த ஈரத்தில் வழுக்கிக் கையை ஊன்றினாள். மணிக்கட்டு முறிந்தது. டெக்ஸா ஸ்கேனில் எலும்பின் அடர்த்தி குறைவு. ஹார்மோனும் இன்னும் குறைவுதான். கால்சியம் மாத்திரை கொடுத்துக்கொண்டுதானே இருந்தேன் என்று வாதாடினேன். புது எலும்பைக் கட்டும் செல்களைத் தூண்டுவதில் அந்த ஹார்மோனுக்குப் பங்கு உண்டாம். பாஸ்பேட் சிறுநீரில் போய்விடாமல் பிடித்துவைக்கவும், குடல் கால்சியத்தை உறிஞ்சுவதற்கு ஏற்றபடி வைட்டமின் டி-யை மாற்றவும் சிறுநீரகத்துக்கு அது துணை செய்கிறதாம். புடவையில் நீளத்தை மட்டுமா பார்க்கிறோம், இழை நெருக்கத்தைப் பார்ப்பதில்லையா? நெய்கிறவனுக்கே இது உறைக்கவில்லை.

மறுபடி ஊசி தொடங்கியாயிற்று. அடர்த்தி ஏற ஒரு வருடத்துக்கு மேலாகும். முதலில் கொஞ்சம் குறையவும் செய்யலாமாம். அவள் திட்டவில்லை. "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேப்பா" என்றாள். டாக்டர் திரும்ப வரச் சொன்னதை அவளிடமும் மறைத்திருந்தேன்.

நேற்று தரகர் வந்தார். மாவுக்கட்டைப் பார்த்துக் கேட்டார். வழுக்கி விழுந்தாள் என்றேன். அதுவரை உண்மைதான். "வேற ஒண்ணும் இல்லையே?" என்றார். இல்லை என்றேன்.