திங்கள், புதன், சனி

போன கிழமை விரிவுரையில் "கடற்றொழிலாளர் வாழ்வாதாரம்" என்று நிறையக் கதைத்தார்கள். நவீன கருவி, பயிற்சி, விழிப்புணர்வு. எனக்கு அப்பாவின் நண்டு வலைதான் கண்ணுக்குள் நின்றது.

எங்கட ஊர் ஊர்காவற்றுறைப் பக்கம். நண்டு வலை ஓர் இரவு முழுக்கக் கடலடியில் கிடக்கவேணும். இராமேஸ்வரம் பக்கத்து றோலர்கள் வாறது திங்கள், புதன், சனி. அங்கே நாட்டுப்படகுக்காரரோடு நாள் பிரித்துக்கொண்ட ஏற்பாடு அது. அந்த நாளில் வலை போட்டால் கயிறும் மிஞ்சாது. அதனால் அப்பாவுக்குக் கிழமையில் மூன்று நாள் தொழில் இல்லை. தமிழ்நாட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். அந்த 61 நாளும்தான் நிம்மதி. இலங்கையில் இழுவைமடிக்கு 2017 இலேயே சட்டத்தடை வந்துவிட்டது. (எங்கட ஆக்களிலும் அதை விடாதவை இருக்கினம், அதையும் சொல்லத்தான் வேணும்.)

நான் கம்பஸ் தொடங்கின வருடம், எனக்கு லப்டொப் வாங்கவென்று ஒரு சனிக்கிழமை அப்பா துணிந்து வலை போட்டார். விடிய ஒன்றும் இல்லை.

புது வலைக்குக் காசு தந்தது நண்டு வாங்கிற முதலாளி. வட்டி கேட்கவில்லை. நண்டு முழுக்க அவரிட்டையே வரவேணும், விலை அவர் சொல்லுறதுதான். பக்கத்தில் இன்னொருவர் கூட விலை தந்தாலும் அப்பா தலையைக் குனிந்துகொண்டு முதலாளியின் தராசடிக்குத்தான் போவார். எங்கட கடல் நண்டுச் சதை அமெரிக்கா வரைக்கும் போகுதாம்.

ஒருநாள் கணக்குப் போட்டுக் காட்டினேன். கிலோவுக்குக் குறையிற காசை ஒரு வருடத்துக்குக் கூட்டினால் வலைக்காசைவிடக் கூட வருது.

"இது வட்டியில்லாக் கடன் இல்லை அப்பா. சங்கத்தில எடுத்து இதைக் கட்டி முடிப்பம்."

அப்பா கொப்பியைப் பார்க்கவேயில்லை. "2022 ஆவணியில மண்ணெண்ணெய் 87 ரூபாவில இருந்து ஒரே இரவில 340 ஆனது. அப்ப சங்கம் எங்க நிண்டது? அந்த மனுசன்தான் கான் நிரப்பித் தந்தவர்."

என்னிடம் பதில் இல்லை. முதலாளியைத் திட்டுறது லேசு. ஆனால் இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்டினால் காசு தாற ஆள் அவர் ஒருத்தர்தான். வங்கி காணி உறுதியும் பிணையாளும் கேட்கும். சங்கம் ஒரே நாளில் அவசரக் கடன் தந்து, எல்லாற்றை நண்டையும் சேர்த்து விலை பேசினால் அப்பா மாறுவார் என்றுதான் நினைக்கிறேன். சங்கக் கூட்டத்துக்கு அவரை இழுத்துக்கொண்டு போகப் பார்க்கிறேன், இன்னும் சம்மதிக்கவில்லை.

இண்டைக்கு ஞாயிறு. நாளைக்குத் தொழில் இல்லை. முற்றத்தில் இருந்து வலை பொத்துறார். கடன் இன்னும் பாதிதான் முடிந்திருக்கு.