ஆறு பேனல், எட்டுக் கால்

திங்கள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறை. வந்திருப்பது திருவான்மியூர் மொட்டை மாடி ஒன்றுக்கான வேலை: 540 வாட் சோலார் பேனல்கள் ஆறு. 3 கிலோவாட்டை எட்டினால் பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் என்பதால் ஆறு என்று முடிவாயிற்று.

பட்டறைக்காரர் காகிதத்தில் முதலில் எழுதுவது காற்றின் வேகத்தை. பேனல் ஒன்று 28 கிலோ, ஆறும் சேர்ந்தால் 168. அதைத் தாங்க மெல்லிய சட்டமே போதும். ஆனால் ஐ.எஸ். 875 தரநிலை சென்னைக்குச் சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கிலோமீட்டர். அதை வர்க்கப்படுத்தி 0.6 ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன் அழுத்தம். பேனலின் பரப்பு 2.58 சதுர மீட்டர். உயரம், சாய்வு, கட்டடத்தின் ஓரம் என்று வரும் குணகங்களை ஒதுக்கிவிட்ட பச்சைக் கணக்கிலேயே, ஒரு பேனலைத் தூக்கப் பார்க்கும் விசை 395 கிலோ எடைக்குச் சமம். ஆறுக்கும் இரண்டேகால் டன்னுக்கு மேல்! எட்டுக் கால்களுக்குப் பங்கிட்டால் காலுக்கு ஏறத்தாழ 300 கிலோ. இத்தனை இரும்பும் பேனல் பறக்காமல் இருக்கத்தான்.

செவ்வாய்

வரைபடம். பேனலின் அகலம் 1,134 மி.மீ. இரண்டுக்கும் நடுவே கிளாம்ப் உட்கார 20 மி.மீ. இடைவெளி. ஆறு பேனல் வரிசைக்கு 6,904 மி.மீ. வேண்டும். வெயிலில் அலுமினிய ரயில் நீளும். 40 டிகிரி வித்தியாசத்தில் இந்த நீளத்துக்கு 6 மி.மீ. கூடும். அதனால் ரயில் உட்காரும் பிராக்கெட்டில் வட்ட ஓட்டை கிடையாது, நீள ஸ்லாட்.

அடித்தட்டில் 12 மி.மீ. போல்ட்டுக்கு 13 மி.மீ. ஓட்டை. வெட்டிய ஓரத்திலிருந்து ஓட்டையின் மையம் குறைந்தது அதன் விட்டத்தைப் போல 1.7 மடங்கு, அதாவது 22 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும் என்பது ஐ.எஸ். 800 விதி. தட்டைச் சிறிதாக்கிக் காசு மிச்சம் பிடிப்பவர்கள் கை வைப்பது பெரும்பாலும் இங்கேதான். இழுவை வந்தால் ஓரம் கிழியும்.

புதன்

"அண்ணே, நேரா பெரிய பிட்டையே போட்டுடலாமா?" என்கிறான் பையன்.

"மொதல்ல பஞ்ச் அடி. அப்புறம் அஞ்சு எம்.எம்."

சென்டர் பஞ்ச் இல்லாமல் தொடங்கினால் பிட் நழுவி மையம் விலகும். எட்டுத் தட்டுக்கும் நாலு ஓட்டை, ஆக 32. ஒவ்வொன்றையும் அளந்து குறிப்பதற்குப் பதில், ஒரு தடித்த தட்டையே ஜிக் ஆக்கிவிட்டார்கள். 13 மி.மீ. பிட்டுக்கு நிமிடத்துக்கு 600 சுற்று, கட்டிங் ஆயில் சொட்டச் சொட்ட. இரு பள்ளத்திலும் சுருள் சுருளாகத் துருவல் வந்தால் பிட்டின் முனை சரி. ஒரு பக்கம் மட்டும் வந்தால் தீட்ட வேண்டும். எஸ்.எஸ். தகடென்றால் வேகம் பாதிக்கும் கீழே. வெட்டாமல் உரசினால் அது இறுகிவிடும், பிறகு பிட் இறங்காது.

வியாழன்

கால்வனைசிங். ஓட்டை எல்லாம் போட்ட பிறகே முக்க அனுப்ப வேண்டும். பின்னால் துளைத்தால் துத்தநாகப் பூச்சு போய், கடல் காற்றுக்கு இரும்பு திறந்து கிடக்கும். தவிர்க்க முடியாமல் மாடியில் துளைத்தால் துத்தநாகப் பெயின்ட் அடிப்பார்கள். அது அவசரத்துக்குத்தான்.

காலாக நிற்கும் சதுரக் குழாயில் போல்ட் எதுவும் நுழையாத ஓட்டைகளும் உண்டு. இரு முனையும் அடைபட்ட குழாய்க்குள் ஈரம் இருந்து, 450 டிகிரித் துத்தநாகத் தொட்டியில் இறங்கினால் நீராவி வெடித்துவிடும். அது வெளியேறத்தான் அந்த ஓட்டைகள்.

சனி

திருவான்மியூர். 2016 டிசம்பரில் வர்தா புயலைப் பார்த்தவர் வீட்டுக்காரர், ஆனாலும் கேட்கிறார், "மாடியைத் துளைக்காம, கான்கிரீட் கட்டை வெச்சாப் போதாதா சார்?"

ஓரடிக் கனசதுரக் கட்டை 65 கிலோ சொச்சம். எட்டும் சேர்ந்து 520. இரண்டேகால் டன்னுக்கு எதிரே அது எந்த மூலைக்கு?

ஹாம்மர் டிரில் இறங்குகிறது. முதலில் செம்பொடி: தட்டோட்டுக்கு அடியில் போட்ட செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். அதில் நங்கூர போல்ட் எதையும் பிடிக்காது. பொடி சாம்பல் நிறமானால் ஸ்லாப் வந்துவிட்டது. ஆழம் அளப்பது அங்கிருந்துதான். சத்தம் மாறினால் பிட் கம்பியில் மோதுகிறது, இடத்தை மாற்ற வேண்டும். துளையைப் பிரஷ் போட்டு, பம்பால் ஊதி, ரெசின் நிரப்பிக் கம்பியைத் திருகி இறக்குகிறார்கள். பொடி மிச்சமிருந்தால் ரெசின் கான்கிரீட்டை விட்டுப் பொடியைப் பிடித்துக்கொள்ளும். தட்டைச் சுற்றி மழைநீர் இறங்காமல் சீலன்ட் பூசியாயிற்று. ரெசின் இறுகும் வரை நட்டை யாரும் முறுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்காரர் படியிறங்குகிறார். பேனல்கள் திங்கள்கிழமை ஏறும்.