பழைய நாற்காலியும் புதிய இருக்கையும்

இல்லத்தை அழகுபடுத்துதல் செல்வர்க்கே உரியது என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் பொருந்துவதன்று. விரலுக்கேற்ற வீக்கமாக, இருக்கும் பொருளைச் செப்பனிட்டே ஒரு வீட்டைச் செம்மையாக வைத்துக்கொள்ளலாம். பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டுத் தில்லிக்கு வந்து குடியேறிய நம் போன்றோர்க்கு இக்கலை மிகவும் வேண்டுவதாகும். நாம் வாழும் வீட்டின் சுவர் நம்முடையதன்று; அதில் ஓர் ஆணி அறைவதற்கும் வீட்டுக்காரரின் இசைவு வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்து வேறு வீடு போகும்போது நம்மோடு வருவன கட்டிலும் மேசையும் நாற்காலியுமே. அவற்றைப் பேணுவது குறித்து, கணவனும் மனைவியுமாகிய நாங்கள் பட்டறிந்ததை அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம்.

2018-ஆம் ஆண்டு தீபாவளிக்குக் கீர்த்தி நகர்ச் சந்தையில் ஒரு சோபா வாங்கினோம். விலை 38,000 ரூபாய், தவணை முறை. அதற்கு இடம் வேண்டுமே! கூடத்தில் இருந்த பழைய கைப்பிடி நாற்காலியைப் பால்கனிக்கு அனுப்பினோம். அது எங்கள் தந்தையார் ஊரில் பள்ளியாசிரியராகச் சேர்ந்த புதிதில், 1968-இல், முதற் சம்பளத்தில் செய்வித்த தேக்கு நாற்காலி. பிரம்பு இருக்கை கிழிந்திருந்தது, கால்கள் ஆடின, 1980-களில் பூசிய பச்சை வண்ணம் செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது. பழம்பொருள் வாங்கும் கபாடிக்காரர் 150 ரூபாய்க்குக் கேட்டார். நாங்கள் 200 என்றோம். அவர் போய்விட்டார். "கொடுத்துவிடுங்கள், இடம் மிச்சமாகும்" என்றே தந்தையாரும் சொன்னார். ஐம்பது ரூபாய்ப் பேரத்தால்தான் அந்நாற்காலி எங்களிடம் தங்கிற்று என்பதை ஒளிக்காமல் சொல்லவேண்டும்.

2019 மே மாத வெயிலில் ஒரு நாள் தந்தையார் மயங்கி விழுந்தார். உடலில் நீர் வற்றியிருக்கிறது என்றார் மருத்துவர். பானையில் நீர் இருக்க, வீட்டில் மனிதர் இருக்க, நீர் வற்றுவானேன் என்று வியந்தோம். இரண்டு நாள் கழித்துத்தான் காரணத்தைச் சொன்னார்: "அந்தச் சோபாவில் உட்கார்ந்தால் தானாக எழ முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் மருமகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அவளும் வேலைக்குப் போய்க் களைத்து வருகிறாள். குடிக்காமல் இருந்தால் எழவேண்டியதில்லையே அம்மா."

அன்றிரவு அளவுகோலை எடுத்து அளந்தோம். சோபாவின் இருக்கை தரையிலிருந்து 14 அங்குலம். அதிலும் பஞ்சு அமுங்கும். ஊன்றி எழக் கைப்பிடியும் வாகாக இல்லை. பால்கனி நாற்காலியின் இருக்கை 18 அங்குலம். இருபுறமும் உறுதியான கைகள். முதியோர் தாமே எழுவதற்கு இருக்கையின் உயரமும் ஊன்றுவதற்குரிய கைப்பிடியும் இன்றியமையாதவை என்பதை அறியாமலே 38,000 ரூபாயைச் செலவிட்டிருந்தோம். அந்நாற்காலியை எவ்வாறேனும் செப்பனிடுவது என்று முடிவு செய்தோம்.

முதலில் கால்களின் ஆட்டம். பழைய மரச்சாமான்களின் பொருத்துகளை வச்சிரத்தால் ஒட்டியிருப்பர். விலங்குத் தோலிலிருந்து காய்ச்சப்படும் அப்பசை, வெந்நீரும் சூடும் பட்டால் இளகும். தில்லியின் கோடை வறட்சியில் மரம் சுருங்கும், மழைக்காலத்தில் உப்பும், இந்த இழுபறியில் பொருத்துகள் தளர்கின்றன. ஆணி அறைந்து இறுக்குவது பெருந்தவறு, மரம் பிளந்துவிடும். வெந்நீர்த் துணி சுற்றிப் பொருத்துகளைக் கழற்றினோம். பழைய பசையை முற்றும் சுரண்டி எடுத்தோம். அதன்மேல் புதுப்பசை பிடிக்காது. பின்பு மரவேலைக்குரிய வெள்ளைப் பசை தடவிப் பொருத்தி, கால்களைச் சுற்றிக் கயிறு கட்டி, கயிற்றினிடையே ஒரு குச்சியைச் செருகி முறுக்கி, ஒரு முழுநாள் அசையாமல் வைத்தோம். ஆட்டம் நின்றது.

அடுத்துப் பச்சை வண்ணம். இங்கேதான் பிழை செய்தோம். உப்புத்தாளைக் கொண்டு உலர்ந்தவாறே தேய்க்கத் தொடங்கினோம். பச்சைத் தூள் பால்கனியெங்கும் படிந்தது. மூன்று வயதான எங்கள் மகள் அத்தூளில் விரலால் கோலம் போட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். கீழ்வீட்டிலிருக்கும் வேதியியல் ஆசிரியர் மேலே வந்து பார்த்துத் திடுக்கிட்டார். பழைய வண்ணங்களில் ஈயம் மிகுதியாக இருக்கலாம் என்றும், அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்றும் அவர் விளக்கினார். வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படக்கூடாது என்னும் விதியை நம் அரசு 2016-இல் வகுத்தது. அது 2017 நவம்பர் முதல் நாளில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய வண்ணம் எதையும் ஐயத்தோடே அணுகவேண்டும். குழந்தையின் குருதியைச் சோதித்தோம். முடிவு வரும்வரை உணவு இறங்கவில்லை. நல்வினையாக அளவு மிகவில்லை.

பழைய வண்ணம் உதிராமல் உறுதியாக இருக்குமாயின், அதைத் தேய்க்காமல் அதன்மேலேயே புதுவண்ணம் பூசுவது நன்று. உதிர்வதாயின், நீர் தெளித்து ஈரமாகவே தேய்க்கவேண்டும். தேய்ப்பவர் தூளைத் தடுக்கும் முகக்கவசம் அணியவேண்டும். குழந்தைகளும் கருவுற்ற பெண்டிரும் அருகில் இருத்தல் ஆகாது. துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கவேண்டும். குழந்தையை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவ்வாறே செய்து முடித்தோம். பச்சைக்குக் கீழே தேக்கின் வரிகள் தெரிந்தன.

மெருகுக்கு அரக்கைத் தேர்ந்தோம். மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சிகள் சுரப்பது அரக்கு. நம் நாட்டில் ஜார்க்கண்டில் மிகுதியாகக் கிடைக்கிறது. அரக்குச் செதில் 140 கிராமை ஒரு லிட்டர் மெருகு ஸ்பிரிட்டில் இட்டு ஓரிரவு ஊறவைத்து வடிகட்டினால் மெருகு ஆயிற்று. பழைய வேட்டித் துணிக்குள் பஞ்சை வைத்து முடிந்து, அதில் தோய்த்து மெல்லியதாகத் தடவவேண்டும். ஒரு பூச்சு உலர்ந்தபின் அடுத்தது. எட்டுப் பூச்சுப் பூசினோம். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும். அடுக்களைப் பக்கம் கொண்டுபோகலாகாது. காற்றில் ஈரம் மிகுந்த மழைநாளில் பூசினால் மெருகு வெளுத்துப்போகும். இன்னொன்று: சூடான காப்பி டபராவை அரக்கு மெருகின்மேல் வைத்தால் வெள்ளை வட்டம் விழும். நம் வீடுகளில் இதை மறத்தல் ஆகாது.

எஞ்சியது பிரம்பு இருக்கை. பின்னத் தெரிந்த முதியவர் ஒருவரைச் சந்தையில் அறிந்து அழைத்து வந்தோம். அவர் பிறவியிலேயே பார்வையற்றவர்; பார்வையற்றோர் பள்ளியில் இத்தொழிலைக் கற்றவர். பல்லாண்டுகள் ஓர் அலுவலகத்தின் நாற்காலிகளைப் பின்னி ஓய்வு பெற்றவர். எங்கள் தந்தையாருக்கோ கண்நீர் அழுத்த நோயால் பார்வை பெரிதும் மங்கியிருந்தது. செய்தித்தாள் படிப்பதை நிறுத்தியிருந்தார். இந்தியும் அறியார், பகலெல்லாம் பேசாமல் இருப்பார். வந்தவருக்குத் தமிழ் தெரியாது.

பிரம்பிழைகளை அரைமணி நேரம் நீரில் ஊறவைத்து, சட்டத்தின் துளைகள் வழியே இழுத்துப் பின்னினார் அவர். முன்பின்னாக ஒருமுறை, குறுக்காக ஒருமுறை, மீண்டும் அவ்வாறே ஒவ்வொருமுறை, பின்பு இருபுறமும் மூலைவாட்டாக ஒவ்வொருமுறை என ஆறு நிலைகள். தந்தையார் அருகில் அமர்ந்து செவிகொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள், அவர் அங்கிருப்பதை உணர்ந்த முதியவர், "பாபுஜி" என்று அழைத்து, அவர் விரல்களைப் பிடித்துப் பின்னலின்மேல் வைத்து, இழை எங்கே மேலே வருகிறது, எங்கே கீழே போகிறது என்று காட்டினார். நாங்கள் மொழிபெயர்க்க எழுந்தோம், தேவைப்படவில்லை. மாலைக்குள் தந்தையார் நான்கு மூலைவாட்டு இழைகளைத் தாமே பின்னியிருந்தார். அன்று அவர் இரண்டு முறை குடிநீர் கேட்டார்.

விடைபெறும்போது முதியவர் ஒரு செய்தி சொன்னார்: பின்னல் அறாமல் தொய்வு மட்டும் ஏற்பட்டால், இருக்கையின் அடிப்புறத்தை வெந்நீர்த் துணியால் நனைத்து ஓரிரவு காயவிட்டால் போதும், தானே இறுகிவிடும். அவ்வாறே இன்றும் செய்துவருகின்றோம்.

பசை, தாள், அரக்கு, ஸ்பிரிட் ஆகியவற்றுக்கு 740 ரூபாய். பிரம்புக்கும் கூலிக்கும் 1,500 ரூபாய். ஆக 2,240 ரூபாய். நாற்காலி கூடத்துக்குத் திரும்பியது. சோபா சுவரோரம் நகர்ந்தது. அதன் தவணை அதற்குப் பின்னும் ஓராண்டு நீடித்தது. தந்தையார் 2023-இல் மறையும்வரை அந்நாற்காலியிலேயே அமர்ந்தார்; யாரையும் கூப்பிடாமல் எழுந்தார்.

அன்பர்கள் புதிய இருக்கை வாங்க அங்காடிக்குச் செல்வதற்கு முன்னர், வீட்டிலுள்ள முதியவர் எதிலிருந்து தாமே எழுகின்றார் என்று பார்த்து, அதன் உயரத்தை அளந்து, ஒரு தாளில் குறித்துக்கொண்டு செல்வார்களாக.