பங்குக் கிணறும் பெருக்கற் கணக்கும்

பல்கலைக்கழகத்து முதலாம் ஆண்டிலே, புள்ளிவிபரவியல் வகுப்பில் எமக்குத் தரப்பட்ட வினா ஒன்றை நான் இன்றுவரை மறந்தேனல்லேன். ஓர் ஊரில் மாரிகாலத்தில் ஒருவருக்கு நெருப்புக்காய்ச்சல் வருவதற்கான நிகழ்தகவு 1/50. ஒரு வீட்டில் மூவர் வாழ்கின்றனர். மூவருக்கும் அக்காய்ச்சல் வருவதற்கான நிகழ்தகவு யாது? வினாவின் அடியிலே, "இவை சாரா நிகழ்ச்சிகள் எனக் கொள்க" என்றொரு வரி இருந்தது. ஒன்று நிகழ்வதால் மற்றொன்றின் வாய்ப்புக் கூடவோ குறையவோ இல்லையாயின் அவை சாரா நிகழ்ச்சிகள். அவற்றின் நிகழ்தகவுகளைப் பெருக்கலாம் என்பது விதி. வகுப்பிலிருந்த அனைவரும் 1/50 ஐ மும்முறை பெருக்கி, 1/125,000 என விடையெழுதினோம். விரிவுரையாளரும் சரியென அடையாளமிட்டார். எனக்கோ அந்த விடை நெஞ்சில் உறுத்திக்கொண்டேயிருந்தது. அந்த மூவரில் ஒருவனாக நான் இருந்திருக்கிறேன்.

1960களின் நடுப்பகுதி அது. வலிகாமத்திலிருந்த எங்கள் ஒழுங்கையில் ஐந்து குடும்பங்களுக்கு ஒரு பங்குக் கிணறு. யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளைப் படித்தவர்கள் அறிவார்கள்: காணியின் எல்லைகளைச் சொல்லி முடித்தபின், கிணற்றிலே பங்கும், தண்ணீர் அள்ளும் உரிமையும், வழி வாய்க்காற் பாத்தியதையும் ஒன்றுவிடாமல் எழுதப்பட்டிருக்கும். நோயிலும் பங்கு உண்டென்று எந்த நொத்தாரிசும் எழுதியதாகத் தெரியவில்லை. அந்த ஆண்டு மாரி மழை ஓய்ந்த கையோடு தம்பி முதலிற் படுத்தான். சில நாட்களில் நானும் படுத்தேன். எங்களுக்குக் கஞ்சி வைத்துத் தந்துகொண்டிருந்த ஆச்சி அடுத்ததாகப் படுத்தார்; அவர் பிறகு எழும்பவில்லை. அடுத்த வீடுகளிலும் நால்வருக்குக் காய்ச்சல். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சைக்கிளில் வந்திறங்கி, கிணற்றுக் கட்டிலிருந்து பின்வளவு மலசலகூடக் குழிவரை காலடியால் அளந்தார், தலையை ஆட்டினார், கிணற்றுக்கு மருந்து போட்டுவிட்டு, "தண்ணியைக் கொதிக்க வைச்சுக் குடியுங்கோ" என்று சொல்லிப் போனார். "மூண்டு பேருக்கும் ஒண்டாய் வந்தது எங்கட விதி" என்று அம்மா நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

சற்று எண்ணிப் பார்த்தால், அம்மாவின் கூற்றும் வகுப்பறை விடையும் ஒன்றுதான். 125,000 இல் ஒன்று என்பது விதி என்னும் சொல்லுக்குக் கணிதம் இட்ட மறுபெயர். காலடியால் அளந்த அந்தப் பரிசோதகர் மாத்திரமே விதியை விட்டுவிட்டுக் குழியைப் பார்த்தவர்.

எங்கள் குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக் கல்லால் ஆனது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இங்கில்லை. மாரியிலே பெய்யும் மழையே கல்லின் வெடிப்புகளூடாகவும் பொந்துகளூடாகவும் கீழிறங்கி, உவர்நீரின்மேல் நன்னீராகத் தங்குகின்றது. மணலைப்போல் இக்கல் நீரை வடித்துத் தருவதில்லை. மலக்குழியில் ஊறியது வெடிப்பு வழியே வெகுவிரைவிற் கிணற்றைச் சென்றடையலாம். நெருப்புக்காய்ச்சற் கிருமி மலத்தோடு வெளியேறி நீரோடு உட்செல்வது. ஆகவே ஒரே கிணற்றில் அள்ளிக் குடிக்கும் மூவரின் நோயை மூன்று தனித்தனி நிகழ்ச்சிகளாகக் கொள்வது எங்கள் மண்ணை அறியாதவர் செய்யக்கூடியது.

அக்கணக்கை நான் பின்னர் வேறுவிதமாகச் செய்து பார்த்தேன். ஒரு கிணறு மாரியிலே பழுதடைவதற்கான நிகழ்தகவு 1/20 என்று வைத்துக்கொள்வோம். பழுதடைந்த கிணற்றில் குடிப்பவருக்குக் காய்ச்சல் வருவதற்கான நிகழ்தகவு 2/5. நல்ல கிணற்றில் குடிப்பவருக்கு வராது. இப்போது தனியொருவருக்கான நிகழ்தகவு 1/20 இன் 2/5, அதாவது 1/50. வினாவிற் கண்ட அதே எண்! ஆனால் மூவருக்கும் வருவதற்கான நிகழ்தகவு 1/20 ஐ 8/125 ஆற் பெருக்க வருவது. ஏறத்தாழ 312 இல் ஒன்று. முன்னைய விடையின் 400 மடங்கு. இன்னொன்றையும் கவனிக்கலாம். ஒருவருக்கும் காய்ச்சல் வராமலிருக்கும் வாய்ப்பு, பெருக்கல் விதிப்படி 0.941, கிணற்றைக் கருத்திற்கொண்டாலோ 0.961. அதாவது நோய் தொடாத வீடுகளும் கூடுகின்றன. முற்றாக நோயில் விழும் வீடுகளும் கூடுகின்றன. ஊருக்கான சராசரியோ அசையாமல் 1/50 இலேயே நிற்கின்றது. சராசரியை மட்டும் ஏட்டிற் குறிக்கும் அலுவலகத்துக்கு எங்கள் ஒழுங்கை ஒருநாளும் கண்ணிற் படாது. 1854 இல் இலண்டனில் யோன் சினோ என்னும் வைத்தியர், வாந்திபேதி மரணங்கள் ஒரு தெருக்குழாயைச் சுற்றிக் குவிந்து கிடந்ததைக் கண்டல்லவோ அக்குழாயின் நீரின்மேல் ஐயங்கொண்டார்!

இப்பெருக்கல் ஒருத்தியைச் சிறைக்கும் அனுப்பியிருக்கிறது. இங்கிலாந்தில் சலி கிளார்க் என்னும் தாயின் கைக்குழந்தைகள் இரண்டு 1996 இலும் 1998 இலும் இறந்தன. 1999 இல் நடந்த வழக்கிலே, அத்தகைய குடும்பமொன்றில் ஒரு குழந்தை திடீரெனக் காரணமின்றி இறக்கும் வாய்ப்பு 8,543 இல் ஒன்றென்றும், எனவே இரண்டு இறப்பது 7 கோடி 30 இலட்சத்தில் ஒன்றென்றும் குழந்தை வைத்திய நிபுணர் ஒருவர் சாட்சி கூறினார். 8,543 ஐ அதே எண்ணாற் பெருக்கிய கணக்கு அது. ஒரே தாய் தந்தை, ஒரே இரத்தம், ஒரே வீடு. இவ்விரு மரணங்களையும் சாரா நிகழ்ச்சிகள் எனக் கொள்ள என்ன ஆதாரம்? 2001 இல் அந்நாட்டு இராச்சியப் புள்ளிவிபரவியற் கழகம் இதனைப் பகிரங்கமாகக் கண்டித்தது. 2003 இல் தீர்ப்பு நீக்கப்பட்டு அவர் விடுதலையானார். 2007 இல் இறந்துபோனார்.

இவற்றையெல்லாம் படித்த மாணவர் எதிர்ப்பக்கம் சாய்ந்து, சார்பில்லாத இடத்திலும் சார்பைக் காண முற்படுவர். சில ஆண்டுகளுக்கு முன் பழைய மாணவர் ஒருவர் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். மூத்த பிள்ளைக்குத் தலசீமியா. மனைவி மீண்டும் கர்ப்பிணி. "சேர், நாலிலை ஒண்டு எண்டுதானே டொக்டர் சொன்னவர்? அந்த ஒண்டு வந்திட்டுது. இனிப் பயமில்லைத்தானே?" தாயும் தந்தையும் காவிகளாயின், ஒவ்வொரு கருவிலும் நோய்க்கான நிகழ்தகவு 1/4. மூத்த பிள்ளையின் நோயை அடுத்த கரு அறியாது. இது உண்மையான சாரா நிகழ்ச்சி. கிணற்றிலே பெருக்கக் கூடாதென்று கற்ற நான், அன்று பெருக்க வேண்டிய இடத்தைச் சொல்ல வேண்டியவனானேன். சொல்ல நாவெழவில்லை, ஆயினும் சொன்னேன். வயிற்றிலிருக்கும் கருவையே பரிசோதித்தறிய வழியுண்டு, வைத்தியரிடம் உடனே கேளுங்கள் என்றும் கூறினேன்.

அவர் தம் சொந்த மச்சாளை மணந்தவர். இங்கே கணக்கு மீண்டும் திரும்புகின்றது. நூற்றிலொருவர் காவியாயுள்ள ஒரு நோயில், உறவற்ற இருவரும் காவிகளாயிருக்கும் நிகழ்தகவு 10,000 இல் ஒன்று. ஒருவர் காவியாயின் அவருடைய மச்சாளும் காவியாயிருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 1/8 என்பதால், சொந்தத்தில் மணந்தோருக்கு அது 800 இல் ஒன்றாகின்றது. பெற்றோரின் பரம்பரையலகுகள் ஒன்றையொன்று சார்ந்தவை. பிள்ளைகளின் கருக்களோ, பெற்றோர் யாரென்று அறிந்தபின், சாராதவை. ஒரே குடும்பத்திற்குள் இரண்டு விதமும் உண்டு. இதைப் பலகையில் எழுதிக் காட்டுவது எளிது. முன்னால் இருப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்வது வேறு.

நெருப்புக்காய்ச்சல் வினாவை நானும் பல ஆண்டுகள் சோதனைத்தாள்களில் இட்டிருக்கிறேன். ஒருமுறை, அடியிலிருந்த அந்த ஒற்றை வரியை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். பெரும்பாலோர் வழக்கம்போல் 1/125,000 என்றே எழுதினர். ஒரு மாணவி மட்டும் விடையெழுதாமல், "இவர்கள் ஒரே கிணற்றிலா குடிக்கின்றனர் என்பது தரப்படவில்லை" என்று எழுதியிருந்தார். நான் முழுப் புள்ளியும் வழங்கினேன். உடன்திருத்திய விரிவுரையாளர், விடையில்லாத விடைக்குப் புள்ளி இல்லையென்றார். நெடுநேரம் வாதாடினோம். ஈற்றில் அரைப்புள்ளி என்று முடிவாயிற்று. அந்த முடிவில் எனக்கு இன்றுவரை உடன்பாடில்லை.